துண்டுக்குள் இருபது நாள்

மேகங்கள் வயலில் இறங்கி நடந்த காலத்தில், முகிலூரைக் கார்வண்ணர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கனவில் காண்பதைக் காலையில் கட்டளையாக்கிவிடுவார்.

அந்தக் கோடையில் பயிர் வாடியது. ஆற்று மதகோ மேலே மலைநாட்டின் கையில். அங்கே ராஜா கிடையாது. ஊரே கூடிக் கைதூக்கி முடிவெடுக்கும். "பத்து நாள் தண்ணீர்தான்" என்று கைதூக்கி, நீலாச்சி என்பவளைத் தூது அனுப்பியது.

ராஜாவின் கனவிலோ இருபது கொக்குகள் வயலில் நின்றன. "இருபது நாள் மதகு திறக்க வேண்டும்! ஒருநாள் குறைந்தாலும் போர்!" என்று சபையில் சத்தியமே செய்துவிட்டார்.

மாட்டுச் சந்தைத் தரகராயிருந்து அமைச்சரான மருதக்கோனைக் கண்டாலே பிரபு வச்சிரநாதருக்கு ஆகாது. "பேரத்தில் புலிதானே? பேசி வாங்கட்டும். முடியாவிட்டால் படைக்கு முன்னால் இவரே போகட்டும், மகாராஜா!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

பேச்சில் நீலாச்சி அசையவில்லை. "பத்துக்கு மேல் தலையசைத்தால் என் ஊர் என்னைத் தூதுப் பதவியிலிருந்து இறக்கிவிடும், ஐயா."

"இருபதுக்குக் கீழே வந்தால் நான் போர்க்களத்தில் கிடப்பேன், தாயி!" என்று சீறினார் மருதக்கோன். "இத்தனை பேர் நம் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மாடு விலை போகும்? கையைக் கொடு!" தோள்துண்டை உதறி, சந்தையில் விரல் பிடித்துப் பேசுகிற மாதிரி, இருவர் கையையும் மூடினார்.

"மூடிப் பேசினால் என் ஊர் ஒப்பாதே?"

"பேச்சுதான் மூடி நடக்கும். முடிவை ஊர் நடுவில் திறந்து சொல். பிடிக்காவிட்டால் யாரும் கைதூக்க வேண்டாம்."

சாளரம் வழியே மேகம் ஒன்று வந்து தூண்களைச் சுற்றியது. துண்டுக்குள் மருதக்கோன் அவளுடைய ஐந்து விரலையும் நாலுமுறை பிடித்தார்: இருபது. அவள் கையை இழுத்தாள். விடாமல், அவள் விரல்களைப் பாதியாக மடக்கினார். மடக்கிய விரல் என்றால் சந்தையில் அரை. மாடு விற்றுப் பழகிய நீலாச்சி சிரித்துவிட்டாள்.

"இருபது நாள்!" என்று அறிவித்தார் மருதக்கோன். "மதகுப் பலகை பாதி உயரத்தில்."

வச்சிரநாதர் துள்ளினார். "ஏமாற்று! அது பத்து நாள் தண்ணீர்தானே!"

"ஆமாம் ஐயா. அதனால்தான் அவள் ஊர் கைதூக்கும். போன வருஷம் முழுசாகத் திறந்து பாதி கடலுக்குப் போனதே, அப்போது எங்கே இருந்தீர்? பயிர் ஒரே மடக்கில் குடிக்குமா?"

ராஜா கண்ணை மூடிக்கொண்டார். "என் கனவில்..." என்றார் மெதுவாக, "கொக்குகளுக்குக் கால் மட்டும்தான் நனைந்திருந்தது."

தன் பட்டுத்துண்டை எடுத்து மருதக்கோனிடம் நீட்டினார்.

"பட்டு வழுக்கும், மகாராஜா. பேரத்துக்கு இந்த அழுக்குத் துண்டுதான் நிற்கும்."

"சரி. வச்சிரநாதரே, இனி தூதர் வந்தால் அந்த அழுக்குத் துண்டை எடுத்து விரிப்பது உம் வேலை. உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது!"

மலைநாடு கைதூக்கியது. ஆறு தூக்கத்தில் நடப்பதுபோல வந்தது. இருபதாம் நாள் ராஜா வரப்பில் போய் நின்றார். பச்சை நடுவே எங்கும் கொக்குகள்.

அவர் எண்ணவே இல்லை.