சீலாக் குஞ்சு

"ஒரு வலையை மந்திரிக்க இம்புட்டு யோசனையா சாமி?"

கேட்டவர் தொம்மை மச்சாது. வயது ஐம்பது தாண்டிய கடல்காரர். மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தரும் உபதேசியாரும் அவர்தான்.

பங்குச்சாமி அவரைவிட இருபது வயது இளையவர். போன மாதம்தான் மாற்றலாகி வந்தார்.

சாமியின் ஒரு கையில் தீர்த்தச் செம்பு இருந்தது. மறு கையின் சுண்டுவிரலைப் புது வலையின் கண்ணில் நுழைத்துப் பார்த்தார்.

நுழையவில்லை.

"பழைய வலைக்கு என்ன உபதேசியாரே?"

"அதுல பாசிதான் ஏறுது. ஊரே பொடிக்கண்ணு வலைக்கு மாறியாச்சு. நேத்து நானும் இதை விட்டுப் பார்த்தேன், கூடை ரொம்பிடுச்சு. நான் மட்டும் பட்டினி கிடக்கணுமா?"

தொம்மைக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

சாமி வலை மடிப்பில் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு மீனை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

"இது என்ன மீன்?"

"சீலா. குஞ்சு."

"நான் மலைப்பக்கத்து ஆளு. முழு சீலாவைப் பார்த்ததே இல்ல. எம்புட்டு இருக்கும்?"

மீனைப் பற்றி யாராவது கேட்டால் தொம்மைக்குக் கோபம் மறந்துபோகும். சிரித்துவிட்டார்.

"இம்புட்டு இருக்கும் சாமி."

இரண்டு கைகளையும் விரித்தார். போதவில்லை. இன்னும் விரித்தார்.

"ஒருக்கா நானும் என் தம்பியும் சேர்ந்துதான் ஒண்ணைத் தூக்கினோம். கரையே கூடி நின்னு பார்த்துச்சு."

"அப்படி ஒண்ணு கடைசியா எப்ப ஏறுச்சு?"

தொம்மை யோசித்தார்.

"என் சின்ன மக பத்து வயசுல புதுநன்மை வாங்கின வருஷம்."

அந்த மகளுக்கு இப்போது கைக்குழந்தை இருக்கிறது.

விரித்த கைகள் அப்படியே நின்றன. நடுவில் ஒன்றுமில்லை. எதிரே, சாமியின் உள்ளங்கையில், அந்தக் குஞ்சு.

தொம்மை கைகளை இறக்கினார். வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மந்திரிச்சுத் தரட்டுமா?" என்றார் சாமி.

"வேண்டாம் சாமி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கடல்காரங்களை மட்டும் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க."

"என்ன பேசணும்?"

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சீலா எம்புட்டு இருக்கும்னு கேளுங்க, போதும்."