கன்னத்தில் ஒரு புள்ளி

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்குத் தண்டனையிலும் வேடிக்கை வேண்டும் என்று ஆசை வந்தது. சிறையில் போட்டால் யார் பார்க்கிறார்கள்? ஆகவே தப்புச் செய்தவர் முகத்தில் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி, நான்கு வீதிகளும் சுற்றிவரச் செய்தார். உப்பரிகையில் நின்று ரசிப்பார். கழுதைக்கு முன்னால் கேலி பாடிக்கொண்டு போவது அரசவை விதூஷகன் வெடியப்பனின் வேலை.

முதல் ஊர்வலம் செக்கு நாகலிங்கத்துக்கு. நல்லெண்ணெயில் கலப்படம் செய்தது நிஜம்தான். வெடியப்பன் பாட்டுக் கட்டினான்; ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. சிரித்தவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வீட்டுக்குள் போன நாகலிங்கம் வெளியே வரவேயில்லை. செக்கு நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை; அந்தத் தெரு வழியாகப் போகிறவர்கள் இன்னமும் அதை முணுமுணுத்தார்கள். கேட்கும்போதெல்லாம் வெடியப்பன் வேறு தெருவுக்குத் திரும்பிவிடுவான்.

இப்போது சபையில் நின்றவள் அரண்மனைச் சமையல்காரி ஆவுடையம்மாள். பக்கத்து நாட்டுத் தூதருக்கு நடந்த விருந்தில், பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டிவிட்டாள். தூதர் ஒரு வாய் குடித்தார். மறு வாய் குடிக்கவில்லை.

"தப்புதான் மகாராசா. சவுக்கடி குடுங்க, வாங்கிக்கிறேன். வீதியில மட்டும் நிறுத்திடாதீங்க. வர்ற முகூர்த்தத்துல மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீடு தெற்கு வீதியிலதான் இருக்கு."

பிரதானி உத்தண்டராயர் செருமினார். ராஜா தன்னைவிட வெடியப்பன் பேச்சுக்கு அதிகம் காது கொடுக்கிறார் என்பது அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"பிரபு, இரக்கம் காட்டினால் நாளை சமையலறை முழுவதும் உப்பாகிவிடும். கரும்புள்ளி, செம்புள்ளி, கழுதை, மேளம், ஊர் கூடிப் பார்ப்பது, கடைசியில் தங்கள் வாசல். ஒன்றும் குறையக்கூடாது. ஊர் சிரிக்காவிட்டால் அடுத்த சவாரி விதூஷகருக்கு!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

வெடியப்பன் வணங்கினான். "சொன்னதில் ஒன்றும் குறையாது, பிரபு. சொல்லாததை அடியேன் இஷ்டப்படி செய்துகொள்ளலாமா?"

"செய்துகொள்."

நேரே தெற்கு வீதிக்கு ஓடினான். மாப்பிள்ளையின் தாய் பேச்சியம்மாள் முழுவதையும் கேட்டாள். முகம் இறுகியது.

"ஊர் என்ன பேசுதுன்னு பார்த்துட்டுத்தான் எந்த முடிவும்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

மறுநாள் காலை. கழுதையைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, மாலை போட்டிருந்தான். கரும்புள்ளியை எங்கே வைப்பது என்று உத்தரவில் இல்லை; மணப்பெண்ணுக்குத் திருஷ்டி கழிய வைப்பதுபோல ஆவுடையம்மாளின் கன்னத்தில் சின்னதாக மைப் பொட்டு வைத்தான். செம்புள்ளியை நெற்றியில் குங்குமமாக வைத்தான்.

"அழாதேக்கா. மை கரைஞ்சுடும்."

என்ன மேளம் என்றும் உத்தரவில் இல்லை. நாதஸ்வரம் முன்னால் போயிற்று.

"பாயசத்தில் உப்புப் போட்ட ஆவுடையம்மாள் வருகிறாள்!" என்று கூவினான். "மகள் கல்யாணக் கவலையில் ஜாடி மாறிப்போன ஆவுடையம்மாள் வருகிறாள்!"

ஜனங்கள் வாசலில் நின்றார்கள். சிரிப்பதா, கைகூப்புவதா? எங்கிருந்தாவது ஒரே ஒரு கேலி கிளம்பினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். வெடியப்பனின் முதுகில் வியர்வை ஓடியது.

தெற்கு வீதி வந்தது. பேச்சியம்மாள் வாசலில் கைகட்டி நின்றாள். கழுதை அவள் எதிரில் நின்றது. ஆவுடையம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"உப்புத்தானே போட்டே?" என்றாள் பேச்சியம்மாள். "கல்யாணமான புதுசுல எங்க மாமனாருக்கு ரசம் வச்சேன். ரசப்பொடின்னு சீயக்காய்ப் பொடியை அள்ளிப் போட்டுட்டேன். மனுஷன் ஏப்பம் விட்டா நுரை வந்துச்சு!"

தெருவே வெடித்தது. ஆளுக்கொரு சமையல் கதை கிளம்பியது. ஆவுடையம்மாளே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கன்னத்துப் பொட்டு நல்லாத்தான் இருக்கு சம்பந்தி" என்று பேச்சியம்மாள் ஆரத்தி எடுத்தாள். கழுதையைப் பார்த்தால் யோகம் என்று பின்னாலேயே ஒரு கூட்டம் சேர்ந்துகொண்டது.

ஊர்வலம் அரண்மனையை எட்டியபோது, சிரிப்புச் சத்தம் கேட்டு ராஜா வாசலுக்கே இறங்கி வந்துவிட்டார்.

"பிரபு, இது தண்டனையா, கல்யாண ஊர்வலமா?" என்று அலறினார் உத்தண்டராயர்.

வெடியப்பன் கண்ணைக் காட்டினான். ஆரத்தித் தட்டோடு கூடவே வந்திருந்த பேச்சியம்மாள் ராஜாவுக்கும் சுற்றினாள். நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு. "எங்க ராசாவுக்கு எத்தனை கண்ணு பட்டிருக்குமோ!" என்று கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு.

மேளம் நின்றது.

ராஜா ஆரத்தித் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தார். கரும்புள்ளி. செம்புள்ளி. நிமிர்ந்தார். ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழுதை மட்டும் ஒரு தடவை கத்தியது. ராஜாவின் காது சிவந்தது. வெடியப்பன் தன் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"வெடியப்பா," ராஜாவின் குரல் இறங்கியிருந்தது, "இவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால்?"

"சிரிக்கமாட்டார்கள், பிரபு. திருஷ்டிப் பொட்டு என்று நினைக்கிறார்கள். குற்றப் பொட்டு என்று அடியேன் கூவினால் சிரிப்பார்கள். மை ஒன்றுதான். கூவுகிற வாய்தான் வேறு."

"அப்படியானால் கலப்படக்காரனுக்கும் ஆரத்தியா?" என்று சீறினார் உத்தண்டராயர்.

"அவனுக்குச் சிறை கொடுங்கள், ராயரே. சிறைக் கதவு ஒருநாள் திறக்கும். ஊர் வாயை மூட நம்மிடம் உலைமூடி உண்டா?"

ராஜா தம் கன்னத்து மையை விரலில் தொட்டார். அதை அப்படியே உத்தண்டராயர் கன்னத்தில் வைத்தார். ராயர் விழித்த விழியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பிழைத்தாய், வெடியப்பா! இனி இந்த ஊர்வலம் கிடையாது. என்ன பரிசு வேண்டும், கேள்!"

"அந்தக் கழுதை, பிரபு."

ராஜா மறுபடியும் சிரித்தார். முத்துமாலையையும் சேர்த்தே கொடுத்தார்.

வெடியப்பன் கழுதையைச் செக்குக்காரத் தெருவுக்கு ஓட்டிப் போனான். நாகலிங்கத்தின் கதவு சாத்தியே இருந்தது.

"நாகலிங்கம் அண்ணே, பாட்டுக் கட்டினவன் வந்திருக்கேன். கழுதையையும் கூட்டிட்டு வந்துட்டேன். இனி இது மனுஷனைச் சுமக்காது. புண்ணாக்கு மூட்டை சுமக்கட்டும், வச்சுக்குங்க."

கயிற்றைப் பிடித்தபடி நின்றான். வெயில் ஏறி நிழல் காலடிக்கு வந்துவிட்டது. அப்போதும் நின்றான்.

கதவு திறக்கவில்லை. ஆனால் அதன் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதுக்குத் தண்ணி காட்டினியா?"