மெஷினை நிறுத்தியவர்

அடைத்துக்கொண்ட கேஸ் அடுப்பு பர்னரை ஊக்கால் குத்திக்கொண்டே சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பவுனக்கா, பம்ப்செட் கம்பெனியில் பாகங்கள் கழுவும் மெஷினில் நிற்கிறாள். ஒருநாள் தண்ணீர் பீச்சும் துளைகள் அடைத்து, பாகமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தது.

"ஏம்மா, மெஷின் ஓடும்போதே துளையைக் குத்திவிடு. நிறுத்தினா உன் வேலை காலி," என்றார் மேனேஜர்.

உள்ளே கொதிக்கிற சோப்புத் தண்ணீர்.

"சரிங்க சார். நான் கம்பியை விடுறேன், நீங்க மூடியைத் தூக்கிப் பிடிங்க," என்றாள் அக்கா.

லேசாகத்தான் தூக்கினார். சுடுநுரை சட்டையில் தெறித்தது. ஓடிப்போய் அவரே சுவிட்சை அணைத்தார்.

"நான் நிறுத்தலைங்க சார்," என்று சொல்லிவிட்டு அக்கா துளைகளைக் குத்தினாள். பாகங்கள் பளிச்சென்று வந்தன.

இப்போது வாராவாரம் நிறுத்திச் சுத்தம் செய்கிறார்கள். சுவிட்சை அணைக்க மட்டும் அக்கா மேனேஜரைத்தான் கூப்பிடுவாளாம். அவரும் உர்ரென்று வந்து நின்று அணைப்பாராம். அட, உள்ளேயிருந்து என் மாமியார் கூப்பிடுகிறார். "இதோ வரேன் அத்தை, பாப்பாவைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க!"