தண்டபாணியின் சுத்தமான குரல்

தாராபுரத்தில் சின்னதாகக் கார் ஆடியோ கடை வைத்திருந்த ரஷீத்திடம் ஒருநாள் நகராட்சி சேர்மன் தண்டபாணி வந்தார். பிரசாரக் காரை வாசலில் நிறுத்தி, "ஆம்ப்ளிஃபயர்ல சத்தம் ஏத்துற கெயினை முழுசாத் திருப்புடா. என் பேச்சு பழனி வரைக்கும் கேக்கணும். சத்தம் கிழிஞ்சுதுன்னா கடைக்குப் பூட்டுப் போட்ருவேன்" என்றார்.

அளவு தாண்டித் திருப்பினால் கிழியாமல் என்ன செய்யும்?

"கிழியுற இடம் தெரிஞ்சாத்தான் அதுக்குக் கொஞ்சம் முன்னால நிறுத்த முடியும் சேர்மன். நீங்களே மைக்குல பேசுங்க" என்று ரஷீத் ஸ்க்ரூ டிரைவரைக் கெயின் திருகில் வைத்துக்கொண்டான். தெருவே கூடிவிட்டது.

"ஊர் ரோடெல்லாம் நான் போட்டது" என்றார் சேர்மன். ரஷீத்தின் விரல் லேசாக அசைந்தது. ஸ்பீக்கர் கர்ரென்றது.

"நான் கை நீட்டி ஒரு பைசா வாங்கினதில்லை." இன்னும் கொஞ்சம் திருகினான். தகரக் கூரையை ரோட்டில் இழுத்துக்கொண்டு போவதுபோல் அலறியது.

"ஸ்பீக்கருக்கே பொறுக்கல பாரு" என்றார் டீக்கடைக்காரர். கூட்டம் சிரித்தது.

ரஷீத் திருகைப் பின்னுக்குக் கொண்டுவந்து, "உண்மையா ஏதாச்சும் சொல்லிப் பாருங்க சேர்மன்" என்றான் பணிவாக.

சேர்மன் வெகுநேரம் யோசித்தார். "என் பேர் தண்டபாணி." மணிபோலக் கேட்டது.

அந்தத் தேர்தல் முடிகிறவரைக்கும் பிரசாரக் கார் ஊர் ஊராக அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டு போனது.