கம்ப்ரசர் அறையின் வெப்பக் கணக்கு

திருமலைசாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. சூடு கக்கும் இயந்திர அறைகளுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போடுவது தொழில். அதைக் கற்றுத்தந்த சுலோச்சனாவுக்கு நாற்பத்தொன்றுதான். சீடர் 'அம்மா' என்பார், குரு 'அண்ணா' என்பார். கோவைப் பக்கத்தில் இதற்கெல்லாம் யாரும் சிரிப்பதில்லை.

அன்று சுலோச்சனாவிடம் வந்தபோது திருமலைசாமியின் முகத்தில் ஈயாடவில்லை. நூற்பாலை ஒன்றின் கம்ப்ரசர் அறையில், ஆபரேட்டர் மாரப்பன் வெக்கை தாங்காமல் விழுந்து செத்து மூன்று நாள். அந்த அறைக்குக் கணக்குப் போட்டவர் இவர். கணக்கு சரி, தப்பு மாரப்பனுடையது என்று எழுதிய தாளில் ஆலை கையெழுத்துக் கேட்கிறது. போட்டால் இவர் தப்பிப்பார், மாரப்பனின் பெண்டு பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்பார்கள். போட்டாலும் போடாவிட்டாலும் செத்தவன் வரப்போவதில்லை. அந்த நினைப்பில் மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"பிழை எங்கீங்கம்மா? நீங்களே சொல்லிப்போடுங்க."

சுலோச்சனா கணக்கை வரி வரியாகப் பார்த்தார்.

"கூட்டல் பெருக்கல்ல பிழையில்லீங்கண்ணா. காத்து எப்படி வெளிய போகுது?"

"மேல ரெண்டு ஃபேனுங்க."

"உள்ள வர்றது?"

"கீழ ஒரு ஜன்னலுங்க. மாரப்பன் அதைச் சாக்கு வெச்சு அடைச்சுப்போட்டான். ஃபேன் சும்மா சுத்தியிருக்குது."

"ஏன் அடைச்சாரு?"

"பஞ்சு பறந்து வந்து சோத்துல விழுகுதுன்னுங்க."

"அங்கயா சாப்பிட்டாரு?"

"மிஷினை விட்டு நகரக்கூடாதுன்னு உத்தரவுங்களாமா. அப்ப எனக்குத் தெரியாதுங்க."

சொல்லும்போதே திருமலைசாமிக்குத் தன் மேல் அருவருப்பு வந்தது. தெரிந்துகொள்ள அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"மிஷின் சூடு எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"மொத்தம் அறுபதாயிரம் வாட்டுங்க."

"மாரப்பன் உடம்புச் சூடு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போடலீங்கம்மா. ஒரு ஆளுக்கு நூறு வாட்டுத்தானுங்க. அறுபதாயிரத்துல நூறு எந்த மூலைக்குன்னு விட்டுட்டனுங்க."

சுலோச்சனா கணக்குத் தாளை மடித்து அவர் கையில் வைத்தார்.

"இப்ப அந்த நூறும் அங்க இல்லீங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால அந்த அறைக்குள்ள போயி, எவ்வளவு குளுந்திருக்குதுன்னு பாத்துட்டு வாங்கண்ணா."