அரசர் உண்டதே பிள்ளைகளுக்கும்

வெகு காலத்துக்கு முன்பு செங்குன்ற நாட்டைக் கோப்பெருநம்பி என்று ஓர் அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் சொன்னதை மாலையில் மறப்பார். மறக்காமல் போனாலோ யார் சொன்னாலும் மாற்ற மாட்டார். அப்படிப்பட்டவர் ஒருநாள் திடீரென்று, "பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் மதியச் சோறு போடுங்கள். அரசர் உண்பதையே பிள்ளைகளும் உண்ண வேண்டும். இது மாறாத ஆணை" என்று முரசறைவித்துவிட்டார்.

அரசர் உண்பது என்ன? அவர் உண்டு யாரும் பார்த்ததில்லை. அரசர் உண்ணும்போது பிறர் கண் படக்கூடாது என்பது அந்த அரண்மனை வழக்கம். ஒன்பது வயதில் பட்டம் கட்டிய நாளிலிருந்து அவர் திரைக்குப் பின்னால் தனியாகத்தான் உட்கார்ந்து சாப்பிட்டார். எதிரே பேச ஆள் கிடையாது. இரண்டு வாய் போட்டுக்கொள்வார், அதற்கு மேல் சோறு இறங்காது. மீதித் தட்டு மடைப்பள்ளி அதிகாரி வில்லவராயரிடம் போகும். அது எங்கே போனது என்று அவருடைய தொப்பையைப் பார்த்தாலே தெரியும்.

வில்லவராயர் சொன்னபடியே பள்ளிக்கும் நெய்ச்சோறும் சர்க்கரைப் பொங்கலும் பாகில் ஊறிய பணியாரமும் போயின. முதல் மாதம் பிள்ளைகள் கும்மாளமிட்டார்கள். மூன்றாம் மாதம் பாதிப்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், மீதிப்பேர் மதியம் வாத்தியார் முன்னாலேயே தூங்கி விழுந்தார்கள். பள்ளிச் சமையற்காரி அங்கம்மாளால் அதைப் பொறுக்க முடியவில்லை. யாரையும் கேட்காமல் கேழ்வரகுக் களி கிண்டினாள். முருங்கைக்கீரை வதக்கினாள். பாசிப்பயறு வேகவைத்தாள். பிள்ளைகள் தெளிந்தார்கள்.

வில்லவராயருக்குச் செய்தி எட்டியது. ஊரெல்லாம் இந்தப் பொம்பளையின் கைமணத்தைப் புகழ்வது அவருக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். நேரே சபைக்கு இழுத்துவந்துவிட்டார்.

"மகாராஜா! தங்கள் ஆணையை மீறி மாட்டுக்குப் போடும் தழையையும் கேழ்வரகுக் களியையும் பிள்ளைகளுக்குப் போடுகிறாள். அடுப்பை அணைத்து, இவளை எல்லைக்கு அப்பால் துரத்த வேண்டும்."

"அடுப்பை அணைச்சா இருநூறு பிள்ளைங்க வயிறு காயும் மகாராசா" என்றாள் அங்கம்மாள். "எங்க ஊர்ல பாதி வீட்டில மதியம் உலை வைக்கிறதே இல்ல."

"அதற்காக என் வாக்கை மாற்றுவேனா? இன்று களிக்கு மாற்றினால் நாளை வரிக்கு மாற்றச் சொல்வார்கள்" என்றார் அரசர்.

"மாத்த வேண்டாம் மகாராசா. ஆனா நீங்க என்ன உண்ணுறீங்கன்னு நான் பார்த்ததில்லையே! பார்த்தாத்தானே அதே மாதிரி ஆக்கலாம்? நாளைக்கு மதியம் பள்ளிக்கு வந்து, பிள்ளைங்க வரிசையில உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டுக் காட்டுங்க. அன்னைக்கு என்ன சாப்பிடுறீங்களோ, அதையே காலத்துக்கும் ஆக்கிப் போடுறேன்."

"கண் பட்டுவிடும்!" என்று துள்ளினார் வில்லவராயர்.

"சோத்து மேல கண்ணா இருக்கிற பிள்ளைங்களுக்கு ராசா மேல எங்கே சாமி கண்ணு போகும்?"

சபை சிரித்தது. அரசருக்கும் ஆசை வந்துவிட்டது.

மறுநாள் ஐந்து வெள்ளிப் பாத்திரங்களில் நெய்ச்சோறு முன்னே வர, அரசர் பின்னே வந்தார். வரிசைக் கடைசியில் இலை போட்டு உட்காரவைத்தார்கள். அங்கம்மாள் பிள்ளைகளுக்குக் களியும் கீரையும் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவர் நெய்ச்சோற்றுப் பாத்திரத்தில் கை வைக்கப் போனதும் பக்கத்திலிருந்த பூவாத்தாள் என்ற ஆறு வயதுச் சிறுமி அவர் கையைப் பிடித்தாள்.

"இருங்க ராசா. எல்லாருக்கும் போட்ட பொறவுதான்."

வில்லவராயர் அவளைத் தடுக்க ஓடிவந்தார். அரசரோ கையை எடுத்துக்கொண்டார்.

"உங்க வீட்ல உங்ககூட யாரு உட்காருவாங்க?" என்று கேட்டாள் சிறுமி.

"யாரும் இல்லை அம்மா."

"தினமுமா?"

"தினமும்தான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் இலையிலிருந்து ஒரு பிடி கீரையையும் ஓர் உருண்டைக் களியையும் எடுத்து அவர் இலையில் வைத்தாள். "தொட்டுக்கிட்டு முழுங்கணும். மெல்லக் கூடாது. என்னைப் பாருங்க."

அரசர் பார்த்தார், விழுங்கினார். இன்னோர் உருண்டை கேட்டார். பூவாத்தாள் பேசிக்கொண்டே இருந்தாள், அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக இலை காலியானது. நெய்ச்சோறு வெள்ளிப் பாத்திரத்திலேயே ஆறிப்போனது.

அங்கம்மாள் திரும்பினாள். "அதிகாரி ஐயா, இன்னைக்கு மகாராசா என்ன சாப்பிட்டாரு? எல்லாரும் கேட்கச் சொல்லுங்க."

"களி..." என்று இழுத்தார் வில்லவராயர். "கீரை..."

"அப்போ ஆணைப்படி பிள்ளைங்களுக்கு என்ன போடணும்?"

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆணை மாறவே இல்லை வில்லவராயரே! மாறியது என் சாப்பாடுதான். இத்தனை வருஷம் என் மீதியைத் தின்றீரே, அரசனுக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று ஒருநாளாவது கேட்டீரா? நாளை முதல் இங்கே வந்து கீரை ஆயும்."

பொன்முடிப்பை நீட்டினார். அங்கம்மாள் வாங்கவில்லை. "நீங்க பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிட்டா ஆணையும் திரும்பிடும். அதனால தினமும் இங்க வந்து சாப்பிடணும். அதுதான் நான் கேட்கிறது."

அரசர் வந்தார். ஒருநாள் தவறாமல் வந்தார். பிள்ளைகள் தேறினார்கள், அரசர் முகத்திலும் தெளிவு வந்தது. கதை இங்கே முடிந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் தை மாதம் அறுவடைக்காகப் பள்ளியை மூடினார்கள். முதல் நாள் மதியம் கூடத்தைப் பெருக்க வந்த அங்கம்மாள் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். வெறுங்கூடத்தில், வரிசைக் கடைசியில், அரசர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"மகாராசா, இன்னைக்குப் பள்ளி இல்லீங்களே!"

"தெரியும் அங்கம்மா. பசிக்கவும் இல்லை. அரண்மனையில் திரையைப் போட்டுவிட்டார்கள், அதுதான் எழுந்து வந்துவிட்டேன்." வெறும் வரிசையைப் பார்த்துக் கேட்டார். "திறக்க இன்னும் எத்தனை நாள்?"

"ஒன்பது நாள்."

அவர் தலையசைத்தார். ஒரு நாட்டையே ஆள்கிறவர், எழுந்து போக இடமில்லாதவர் மாதிரி அங்கேயே இருந்தார். புருஷன் போன பிறகு அங்கம்மாளும் அடுப்போரத்தில் தனியாகச் சாப்பிடுகிறவள்தான்.

துடைப்பத்தை மூலையில் வைத்தாள். தன் தூக்குச்சட்டியைத் திறந்து கூழை இரண்டாகப் பிரித்தாள். உத்தரவு கேட்காமல் அரசருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நானும் இன்னும் சாப்பிடல" என்றாள்.