ஜெசிந்தா முணுமுணுத்தது

அந்தத் துறைமுகத்தில் ரேடியோ டவர் இரண்டு. பழையது மேலாளர் ஆவுடையப்பன் அறைக்கு மேலேயே நின்றது; புதியது கடைக்கோடியில். "சிக்னல் அடியோடு சாகும்வரை எந்த வாக்கிடாக்கியும் என் டவரை விட்டுப் புது டவருக்குத் தாவக் கூடாது!" இது அவர் உத்தரவு. ஒரு நாள் அந்தக் கடைக்கோடியில் ஒருவர் வாக்கிடாக்கியில் "நிறுத்து!" என்று கத்தியது, பழைய டவரின் மங்கிய சிக்னலால் கிரேன்காரர் காதில் வெறும் கரகரப்பாக விழுந்தது. கிரேனுக்குக் கீழே நின்றவர் மயிரிழையில் தப்பினார்.

மறுநாள் ரேடியோ மெக்கானிக் ஜெசிந்தா மேலாளர் அறை வாசலிலேயே நின்று ஏதோ முணுமுணுத்தாள்.

"என்னம்மா? சரியாக் கேக்கலையே!"

அவள் இன்னும் மெல்ல முணுமுணுத்தாள். பொறுக்காமல் அவர் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"என் குரல் இன்னும் சாகலையே சார், அதுக்குள்ள நாற்காலிய விட்டுட்டீங்களே?"

ஆவுடையப்பன் திரும்பி நாற்காலியைப் பார்த்தார்.

"சிக்னல் மங்கும்போதே தாவட்டும். எந்த அளவுல தாவணும்னு நீயே வைம்மா" என்றார், வாசலில் நின்றபடியே.